கிழக்கு வரிசையில் டவர் கிடைக்கும்

நிறைவழிச் சபைத் தோட்டம்,
தொண்டாமுத்தூர் மேற்கு
11.6.2023

அன்புத் தங்கை லோகப்பிரியாவுக்கு,

அண்ணன் வெங்கடபதி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். போத்தனூரில் நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறார்களா?

ஒரு நல்ல செய்தி. எங்கள் சபையின் தலைவர், பெரியவர், என்னைத் தனியாக அழைத்து ஒரு வேலை கொடுத்திருக்கிறார். சபையில் சேர்கிறவர்கள் முன்பெல்லாம் பத்து, பதினைந்து வருடம் இருந்தார்கள். இப்போது வந்த வேகத்தில் போய்விடுகிறார்கள். "ஏன்னு கண்டுபுடிச்சுச் சொல்லுங்க வெங்கடபதி. பதிவேடு உங்க கையிலதானுங்க இருக்குது" என்றார். உண்மைதான். 1998இல் சபை தொடங்கியதிலிருந்து யார் எப்போது வந்தார், எப்போது விலகினார் என்பதெல்லாம் என் மேசையில் இருக்கிறது. தபால் பையும் என் பொறுப்புதான்.

அப்பா போய், லேத் பட்டறையும் மூடிய அந்த வருடம் நான் கண்ணைத் திறந்தபடி கிடந்ததை நீ பார்த்திருக்கிறாய். இங்கே வந்த அன்றுதான் உறங்கினேன். பன்னிரண்டு வருடமாகிறது. அதற்கு நன்றியாக எதையாவது செய்ய வேண்டும் என்றிருந்தேன், வாய்த்துவிட்டது.

விலகியவர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு வாரமாகப் பார்க்கிறேன். வயது, ஊர், படிப்பு, தொழில் எதுவும் ஒத்துவரவில்லை. நீ பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருப்பவள். ஒரு பீஸ் ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பதுதானே உன் பிழைப்பு. ஒரு வழி சொல்.

அம்மாவுக்கு என் வணக்கம்.
உன் அண்ணன்,
வெங்கடபதி


போத்தனூர்
20.6.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

லோகா எழுதுவது. நாங்கள் நலம். அம்மாவுக்குக் கால் வலி இருக்கிறது, அதைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லும் தெம்பும் இருக்கிறது. உன் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

பன்னிரண்டு வருடத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் யோசனை இது. அதனால் மனதாரச் சொல்கிறேன். கெட்டுப்போன பீஸை மட்டும் மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் ஆயுசுக்கும் காரணம் தெரியாது. நல்ல பீஸையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒரே வார்ப்பு, ஒரே மிஷின், ஒரே ஷிஃப்ட். அப்படியும் இது தேறியது, அது தேறவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அந்த ஒன்றைத் தேடு. போனவர்களை மட்டும் பார்க்காதே. இருப்பவர்களையும் பார்.

மழைக்காலம். மலையடிவாரத்தில் குளிரும். காதை மூடிக்கொள்.

உன் தங்கை,
லோகப்பிரியா


சபைத் தோட்டம்
16.7.2023

அன்புத் தங்கைக்கு,

அம்மாவும் நீயும் நலமென்று அறிந்து மகிழ்ச்சி. எனக்கும் குறைவில்லை. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

கண்டுபிடித்துவிட்டேன்!

இங்கே நாற்பது வீடுகள், இரண்டு வரிசை. கிழக்கே இருபது, மேற்கே இருபது. ஒரே சாப்பாடு, ஒரே பிரசங்கம், ஒரே வேலை. 2019இல் ஊருக்குள் ஒரு செல்போன் டவர் வந்தது. கிழக்கு வரிசையில் டவர் கிடைக்கும். மேற்கு வரிசைக்குக் குன்று மறைக்கும், அங்கே போன் வெறும் டார்ச் லைட்தான். இந்த நான்கு வருடத்தில் கிழக்கு வரிசையில் பதின்மூன்று வீட்டுக்காரர்கள் விலகிவிட்டார்கள். மேற்கில் ஒரே ஒருவர். அவரும் கிழக்கு வரிசையில் இருந்த மைத்துனர் வீட்டில் தினமும் போய் உட்கார்ந்திருந்தவர்.

சபையின் கிளையான நம் ஊர்ப் போத்தனூர் மன்றத்தின் கணக்கையும் பார்த்தேன். ஆளுக்கொரு போன் வருவதற்கு முன் சேர்ந்தவர்கள் சராசரியாக ஒன்பது வருடம் இருந்திருக்கிறார்கள். இப்போது சேர்கிறவர்கள் பதினொரு மாதம்.

எத்தனை நாளாக என் கண்முன்னே இருந்தது, லோகா! உன் மூளைதான் காரணம்.

வருத்தமும் இருக்கிறது. விலகியவர்கள் யாரும் நன்றாக வாழ்ந்ததில்லை. என்னோடு பட்டறையில் இருந்த சாய்கிருஷ்ணாவை உனக்குத் தெரியும். விலகிய ஆறாம் மாதம் லாரியில் அடிபட்டுப் போனான். பெரியவர் சொல்ல, பதிவேட்டில் அதை என் கையால்தான் எழுதினேன். போனைப் பார்த்து மதிகெட்டு இத்தனை பேர் அழிகிறார்களே என்று இருக்கிறது.

அறிக்கையை அடுத்த மாதம் கொடுக்கப்போகிறேன்.

அன்புடன்,
அண்ணன்


போத்தனூர்
23.7.2023

அண்ணா,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கணக்கைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். கம்பெனியில் எங்கள் மேனேஜர்கூட இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டமாட்டார். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாய். போன் வந்ததும் போனார்கள், சரி. போனில் அவர்கள் என்ன பார்த்தார்கள்? அதைக் கேட்டாயா?

இன்னொன்று. ஒரு பம்பைத் திறந்து பார்த்தால் உடைந்துவிடும் என்றால், தப்பு திறந்து பார்த்தவன் மேலா, பம்ப் மேலா?

அறிக்கையைக் கொடுப்பதற்கு முன், அதை வைத்து அவர் என்ன செய்வார் என்று ஒரு நாள் யோசி. ஒரே ஒரு நாள்.

அம்மா உனக்கு ஸ்வெட்டர் அனுப்பச் சொல்கிறார்கள். பார்சல் விடுவார்களா?

லோகா


சபைத் தோட்டம்
3.9.2023

அன்புத் தங்கைக்கு,

நலம். அம்மாவின் உடம்பைப் பார்த்துக்கொள். பார்சல் வேண்டாம்.

அறிக்கையைக் கொடுத்தேன். பெரியவர் இரண்டு தடவை படித்தார். என் தோளில் கை வைத்து, "நோய் எதுன்னு கண்டுபுடிச்சுப் போட்டீங்க. இனி மருந்து கொடுத்துப்போடலாமுங்க" என்றார். எல்லோர் முன்னிலையிலும் துண்டு போர்த்தினார்.

அடுத்த நாளே கிழக்கு வரிசையைக் காலி செய்யச் சொன்னார். அங்கே மிச்சமிருந்த ஏழு வீட்டுக்காரர்களும் மேற்கு வரிசைக்கு வந்து, இருக்கிற வீடுகளில் சேர்ந்து தங்கிக்கொண்டார்கள். போன்களை வாங்கிவைக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். ஐம்பத்திரண்டு போன்கள். எல்லோரும் மனமுவந்து கொடுத்தார்கள்.

மழை நன்றாக இருக்கிறது.

அண்ணன்


போத்தனூர்
1.10.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தைப் பற்றித்தான் போன மாதம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஐயாசாமி என்று ஒருவர் வீட்டுக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்ட வேலை பார்த்தவர். இப்போது இங்கே தம்பி வீட்டில் இருந்துகொண்டு வாரம் இரண்டு நாள் பெரியாஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போய்வருகிறார். அவர் மகள் இளவேனில் உங்கள் தையல் கூடத்தில் இருக்கிறாளாமே. இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் போனில் பேசியவள், ஆகஸ்டோடு நின்றுவிட்டாளாம்.

உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார். "ஏனுங்க அம்மணி, உங்கண்ணன் அங்கதான தபால் பாக்கறாருன்னு சொன்னாங்க. வாரத்துக்கு ஒரு கடுதாசி, அஞ்சு கடுதாசி எழுதிப்போட்டேனுங்க. பக்கத்தூட்டுப் பையனை வெச்சு எழுதுனது. எம்புள்ளைக்குப் போய்ச் சேருதுங்களா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

அம்மா காப்பி கொடுத்தார்கள். அளந்துதான் தண்ணீர் குடிக்கலாமாம், பாதி டம்ளர் போதும் என்றார்.

கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். போய்ச் சேருகிறதா, அண்ணா?

லோகா


சபைத் தோட்டம்
22.10.2023

அன்புத் தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இந்த வருடம் மழை அதிகம். போன வாரம் இரண்டு யானைகள் இறங்கி வாழைத் தோட்டத்தில் பாதியை மிதித்துவிட்டுப் போயின. பட்டாசு வெடித்தோம். தென்னைக்கு வண்டுத் தொல்லை. காய் சிறுத்துவிட்டது. வேலி போட ஆள் கிடைக்கவில்லை. கத்திரி நாற்று நன்றாக வந்திருக்கிறது.

அம்மாவைக் குளிரில் வெளியே விடாதே.

அண்ணன்


போத்தனூர்
5.11.2023

அண்ணா,

அம்மா நலம், நானும் நலம்.

யானை, வாழை, வண்டு, வேலி, கத்திரி. எல்லாம் தெரிந்துகொண்டேன். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீ எழுதாததிலிருந்து பதிலும் தெரிந்துகொண்டேன். ஐயாசாமியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

உனக்கு வேறொரு செய்தி. கிழக்கு வரிசைக்காரர்கள் போனில் என்ன பார்த்தார்கள் என்று நானே தேடிப் பார்த்தேன். நான் ஏதோ பெரிய ஊழல், வழக்கு என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை. விலகியவர்கள் இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் திட்டுகூட அதிகமில்லை. பிள்ளைக்குக் காதுகுத்து, புது வீடு, வேலை கிடைத்தது, பழனிக்குப் போனோம், வேளாங்கண்ணிக்குப் போனோம், இப்படிப் படங்கள். வெளியே போனவன் அழிந்துபோவான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள், வெளியே போனவன் பிரியாணி சாப்பிடும் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இத்துடன் ஒரு படத்தை அச்சிட்டு வைத்திருக்கிறேன். நடுவில் நிற்பவனைப் பார். கொஞ்சம் பெருத்துவிட்டான், முன்தலை வழுக்கை. ஆனால் உனக்குத் தெரியும். அன்னூரில் டயர் கடை வைத்திருக்கிறான். போன வாரம் அவனோடு பேசினேன். அவன் லாரி மோதிச் செத்துப்போனதாக உங்கள் பதிவேட்டில் இருக்கிறது என்றதும் அரை நிமிடம் சிரித்தான். பிறகு, "அதை வெங்கடபதி நம்பிட்டானா?" என்று கேட்டு அழுதுவிட்டான். ஆறு வருடமாக உனக்கு எழுதியிருக்கிறானாம், அண்ணா.

லோகா


சபைத் தோட்டம்
10.12.2023

என் அன்புத் தங்கைக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு மாதமாக எழுத முடியவில்லை, அவ்வளவே.

படத்தை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். கண்ணை மூடினாலும் சாய்கிருஷ்ணா சிரித்தான்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். போய்ச் சேரவில்லை. வெளியிலிருந்து வரும் கடிதங்களை அலுவலகத்தில் உள்ள இரும்பு பீரோவில் வைக்க வேண்டும் என்பது விதி. "மனசு கலையும், பக்குவம் வந்தப்புறம் கொடுத்துக்கலாமுங்க" என்பார் பெரியவர். எட்டு வருடமாக நான்தான் வைத்தேன். ஒருவருக்கும் பக்குவம் வந்ததில்லை. உன் கடிதங்கள் மட்டும் எனக்கு வந்தன, ஏனென்றால் பையைப் பிரிப்பவன் நான். உன் கையெழுத்துள்ள உறையை மட்டும் எடுத்துக்கொள்வேன், மற்ற உறைகளில் பெயர்களை நான் பார்ப்பதே இல்லை. பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

போன் வாங்கிய அன்று நடந்ததையும் உனக்கு மறைத்தேன். இளவேனில் கொடுக்க மறுத்தாள். போனை முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, எங்கய்யங்கூட ஞாயித்துக்கிழமை மட்டும் பேசிக்கறேனுங்க. உங்க முன்னாலயே பேசறேனுங்க. இதை மட்டும் வாங்காதீங்க" என்றாள். நான் அவள் விரல்களைப் பிரித்து எடுத்தேன், லோகா. என் கையால். பிறகு உனக்கு, மனமுவந்து கொடுத்தார்கள் என்று எழுதினேன்.

பீரோவைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். நானூற்றுப் பதினாறு கடிதங்கள். சாய்கிருஷ்ணா எனக்கு எழுதியவை இருபத்திரண்டு. ஐயாசாமியின் கடிதங்களை எடுத்துப்போய் இளவேனிலிடம் கொடுத்தேன். பதினான்கு. தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் படித்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "மத்தவங்களுதும் இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

உன் உதவி வேண்டும். இத்துடன் விலகியவர்கள் பெயரை எழுதியிருக்கிறேன். நாற்பத்தொரு பேர். அந்தக் குழுவில் விசாரித்து, ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று எழுது. தை மாதம் சபையின் ஆண்டு விழாவான நிறைநாள் வருகிறது. அன்று விலகியவர் பட்டியலையும் அவர்களுக்கு வந்த கேடுகளையும் சபையில் படிப்பது வழக்கம். படிப்பவன் நான்.

அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

உன் அண்ணன்


போத்தனூர்
7.1.2024

அன்பு அண்ணாவுக்கு,

சுகம்தானே? தைரியமாக இருக்கிறாயா என்று கேட்டதாக வைத்துக்கொள்.

பட்டியலைக் குழுவில் போட்டு ஒரு மணி நேரத்தில் இருபது பேர் கிடைத்துவிட்டார்கள். மிச்சத்துக்கு ஒரு வாரம் ஆனது. நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டுப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். இருவர் இறந்தது உண்மைதான், ஒருவருக்கு எண்பத்தொரு வயது, இன்னொருவர் கொரோனாவில் போய்விட்டார். ஒருவரைப் பற்றித் தெரியவில்லை. விவரமெல்லாம் தனித்தாளில் இருக்கிறது. சரிபார்த்துவிட்டேன், ஒவ்வொருவரிடமும் நானே பேசினேன். இன்ஸ்பெக்‌ஷன் முத்திரை குத்தாததுதான் குறை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ சொல்லாதே என்றால் நான் கேட்டுவிடுவேனா? "அவன் படிக்கட்டும், சத்தமாப் படிக்கச் சொல்லு" என்றார்கள்.

லோகா


அன்னூர்
22.1.2024

என் லோகாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். நிஜமாகவே நலம். சாய்கிருஷ்ணாவின் கடை மேல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் முகவரி சபையில் இருக்கிறது. வம்பு எதுவும் உன் வாசலுக்கு வரக்கூடாது என்று நான்கு நாள் இங்கே இருக்கிறேன்.

நேற்றுக் காலை பத்து மணிக்குக் கூட்டம். இருநூறு பேர் இருந்தோம். பெரியவர் பேசி முடித்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மைக் முன்னால் நின்றேன். உன் தாளைப் பிரித்தேன்.

"சாய்கிருஷ்ணா. 2017ல விலகுனாரு. அன்னூர்ல டயர் கடை வெச்சிருக்காருங்க. ரெண்டு பொண்ணுங்க. உசுரோட இருக்காரு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அடுத்ததைப் படித்தேன். "அக்ஷிதா. 2020. திருப்பூர்ல நர்ஸா இருக்காங்க. உசுரோட இருக்காங்க." பின்வரிசையில் ஒரு பெண் வாய்விட்டு அலறினாள். அக்ஷிதாவின் அக்கா. தங்கைக்காக மூன்று வருடமாகத் திதி கொடுத்து வந்தவள்.

மைக்கை நிறுத்திவிட்டார்கள். அம்மா சொன்ன மாதிரி சத்தமாகப் படித்தேன். இருபத்தேழாம் பெயரில் பெரியவர் எழுந்தார். "வெங்கடபதி, போதுமுங்க. உட்காருங்க" என்றார், அதே அமைதியான குரலில். பன்னிரண்டு வருடமாக அந்தக் குரல் உட்காரச் சொன்னால் உட்கார்ந்தவன் நான்.

"இன்னும் பதினாலு பேரு இருக்காங்க. படிச்சுப்போட்டு உட்காந்துக்கறேனுங்க" என்றேன்.

படித்தேன். இறந்த இருவரையும் தெரியாத ஒருவரையும் உள்ளபடி சொன்னேன். எட்டு வருடம் கடிதங்களைப் பூட்டிவைத்தவன் நான் என்பதையும் சொன்னேன். அதற்குள் இளவேனில், நான் முன்பே கொடுத்திருந்த சாவியால் பீரோவைத் திறந்து, இரண்டு பெரிய தேங்காய்க் கூடைகளில் கடிதங்களைக் கொண்டுவந்து இறக்கி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து பிரித்துப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் படித்துக் காட்டினார்கள். பெரியவர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். யார் காதிலும் விழவில்லை. என் அளவில் அவர் சபை அந்த நிமிடத்தில்தான் கலைந்தது.

ஒருவர் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அவர் தம்பியின் கடைசிக் கடிதம் ஐந்து வருடத்துக்கு முந்தியது. எனக்கு அது வேண்டும்தான். நான் தடுக்கவில்லை.

மதியம் எழுபத்து மூன்று பேர் வெளியே நடந்தோம். முன்பிருந்தே டவர் கிடைக்காத மேற்கு வரிசையில் இருந்தவர்கள்தான் அதில் பாதிக்கு மேல். பெட்டியும் பாயும் பாத்திரமுமாக நின்றதைப் பார்த்து பஸ் கண்டக்டர், "ஏனுங்க, கல்யாணக் கூட்டமுங்களா?" என்றார். இளவேனில் முந்திக்கொண்டு, "ஆமாங்க, எல்லார்த்துக்கும்!" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கே என் சத்தம் புதிதாக இருந்தது.

காந்திபுரத்தில் சாய்கிருஷ்ணா நின்றான். கட்டிப்பிடித்து என் முதுகில் நாலு அடி வைத்தான். வலித்தது, லோகா. நன்றாக வலித்தது.

வியாழக்கிழமை வாரேன் என்று அம்மாவிடம் சொல்.

அண்ணன்


அன்னூர்
17.3.2024

அன்புத் தங்கைக்கு,

நேற்றுத்தான் வீடியோவில் உன்னையும் அம்மாவையும் பார்த்தேன். நலம் விசாரித்தாகிவிட்டது. அம்மா இன்னும் இளைத்திருக்கிறேன் என்கிறார்கள். ஆனாலும் இன்று காலை நடந்ததைப் பேசினால் தீராது, எழுத வேண்டும்.

இளவேனில் வாரம் இரண்டு நாள் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறாள், தெரியும்தானே. மிச்ச நாளில் அவளும் நானும் அந்தக் குழுவைப் பார்த்துக்கொள்கிறோம். வெளியே வந்தவர்களுக்கு ரேஷன் கார்டு, வேலை, வாடகை வீடு என்று ஓடியே பொழுது சரியாகிறது. மேற்கு வரிசையில் இப்போது நாலு வீட்டில்தான் ஆள் இருக்கிறது.

இன்று காலை கடையில் ஒரு லாரி டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. புது நம்பர், சின்னப் பெண் குரல்.

"வெங்கடபதி அண்ணாங்களா?"

"ஆமாங்க. நீங்க?"

"எம்பேரு நேஹாங்க. காலேஜுல ரெண்டாவது வருஷம். போத்தனூர் மன்றத்துல சேந்து மூணு வாரமாகுதுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நேத்துக் கூட்டத்துல உங்களப் பத்திச் சொன்னாங்க. நீங்க பாம்பு கடிச்சுச் செத்துப்போயிட்டீங்களாமே? நெட்டுல தேடுனா இந்த நம்பர் வந்துச்சு. யாரு எடுப்பாங்கன்னுதான் போட்டுப் பாத்தேனுங்க."

டியூபை ஓரமாக வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். வெயில் நன்றாக அடித்தது. சாய்கிருஷ்ணா உள்ளேயிருந்து, யாருடா என்று கேட்டான்.

"இல்லீங்க அம்மணி" என்றேன். "இங்க அன்னூர்ல டயருக்குக் காத்துப் புடிச்சிட்டு இருக்கறேனுங்க. வேற என்ன தெரியோணும், கேளுங்க."

ஒன்றே கால் மணி நேரம் கேட்டாள், லோகா. லாரிக்காரர் திட்டிவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார். சாயங்காலம் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மன்றத்துக்கு இனிமேல் போகவில்லையாம். அம்மாவோடு உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

எனக்குப் பன்னிரண்டு வருடம். அந்தப் பெண்ணுக்கு மூன்று வாரம்.

அம்மாவுக்கு முத்தம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேருக்கு இலை போடச் சொல், சாய்கிருஷ்ணாவும் வருகிறான்.

உன் அண்ணன்,
வெங்கடபதி